தெருநாயும் காவலர் துப்பாக்கியும்

கோடை விடுமுறையோ ஓணமோ வந்துவிட்டால் மும்பையிலுள்ள நம் சங்க உறுப்பினர்களில் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார், கொல்லங்கோடு என்று பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் ஒரு சாரார். குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, உடும்பன்சோலை என்று இடுக்கி மலைப்பக்கம் போகிறவர்கள் இன்னொரு சாரார். திரும்பி வரும்போது நேந்திரங்காய் வறுவலும் ஏலக்காயும் வருவதுபோல, அண்மைக் காலமாக ஒரு பேச்சும் கூடவே வருகிறது. "ஊரில் நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை. குழந்தையைத் தெருவில் விடவே பயமாக இருக்கிறது. போலீஸிடம் துப்பாக்கி எதற்கு இருக்கிறது? நாலு நாயைச் சுட்டால் எல்லாம் அடங்கிவிடும்" என்பதே அந்தப் பேச்சு.

இதைக் கேட்டவுடன் மறுபுறத்திலிருந்து, "வாயில்லாப் பிராணியைக் கொல்லச் சொல்கிறீர்களே, இது நியாயமா?" என்று இன்னொரு குரல் எழும். இரண்டு தரப்பும் சத்தம் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடும். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு காவலர் நாயைக் கொல்லலாமா, எப்போது கொல்லலாம், கொன்றால் தொல்லை குறையுமா என்பவை உணர்ச்சியால் மட்டும் விடை காணக்கூடிய கேள்விகள் அல்ல. இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு, சட்டமும் உண்டு. அவற்றை நம் குடும்பத்தினர் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இதில் பணயமாக இருப்பது நம் பிள்ளைகளின் உயிர்.

மும்பைக் கோட்டையில் ஒரு கலவரம்

நாம் பிழைக்க வந்த இந்த மும்பை நகரமே இந்த விஷயத்தில் முதல் பாடத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆண்டுதோறும் வெயில் கடுமையாக இருக்கும் குறிப்பிட்ட வாரங்களில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் இங்கே இருந்தது. 1832-ஆம் ஆண்டு போலீஸ் மாஜிஸ்திரேட் அந்தக் காலக்கெடுவை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டித்தார். ஒரு நாய்க்கு எட்டணா சன்மானம் என்றும் இருந்தது.

எட்டணா என்பது அந்தக் காலத்தில் ஏழைக்குப் பெரிய காசு. ஆகவே நாய் பிடிப்பவர்கள் தெருவில் திரிந்த நாய்களோடு நிற்கவில்லை. வீட்டு வாசலில் படுத்திருந்த வளர்ப்பு நாய்களையும் இழுத்துப் போயினர். பார்சி மக்களுக்கு நாய் சமயச் சடங்கில் இடம்பெறும் பிராணி. ஜூன் 6-ஆம் தேதி, அவர்களுடைய புனித நாளில், இருநூறு பேர் அளவில் திரண்ட கூட்டம் காவலர்களைத் தாக்கியது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. கொலாபாவிலிருந்த படைக்கு உணவுப் பொருள் போவதையும் மறித்தார்கள். இறுதியில் இராணுவம் வந்துதான் அமைதி திரும்பியது. அதன் பிறகு நாய்களைக் கொல்லாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும் யோசனைக்கு அரசு இறங்கி வந்தது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொல்லும் அதிகாரத்தையும் அதற்குக் கூலியையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த நாய் ஆபத்தானது என்ற கேள்வி மறைந்து, எந்த நாய் கைக்கு எட்டுகிறது என்ற கணக்கே மிஞ்சும். கடிக்கும் நாய் எளிதில் அகப்படாது. வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாய்தான் முதலில் அகப்படும்.

சட்டம் நடந்து வந்த பாதை

1832-இல் அவ்வளவு நடந்தும், போலீஸின் கையிலிருந்து அந்த அதிகாரம் உடனே போய்விடவில்லை. 1951-ஆம் ஆண்டின் பம்பாய் போலீஸ் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, முன்னறிவிப்பு கொடுத்துத் தெருநாய்களை அழிக்கப் போலீஸ் அதிகாரிகளுக்கு இடமளித்தது. சென்னையில் இந்த வேலையை மாநகராட்சி செய்துவந்தது. அங்கே 1860-இல் தொடங்கிய நாய் ஒழிப்பு, 1990-களின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 135 நாய்கள் என்ற அளவுக்கு உயர்ந்ததாகப் புளூ கிராஸ் அமைப்பு கணக்குச் சொல்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொன்றும் நாய் குறையவில்லை, கொல்லும் எண்ணிக்கைதான் கூடியது! 1996-இல் சென்னை மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. மும்பை மாநகராட்சி 1994-லேயே மாறிவிட்டது.

ஏன் குறையவில்லை? காரணம் எளியது. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெருவில் கிடைக்கும் தீனி. குப்பைத்தொட்டியும் இறைச்சிக்கடைக் கழிவும் அப்படியே இருக்க, பத்து நாயைக் கொன்றால் அடுத்த தெருவிலிருந்து பத்து வந்து சேரும். வாளி நிரம்பி வழியும்போது குழாயை மூடாமல் தரையை மட்டும் துடைப்பது போன்ற வேலை இது.

நாடு முழுவதற்குமான சட்டம் 1960-இல் வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 2001-இல் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. இவற்றின் சாரம் இதுதான்: தெருநாயைப் பிடிப்பது, கருத்தடை செய்வது, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே விடுவது. இது உள்ளாட்சி அமைப்பின் கடமை. தீராத நோயோ பிழைக்க முடியாத காயமோ உள்ள நாயை மட்டும், கால்நடை மருத்துவர் ஊசி மூலம் துன்பமின்றி மரணமடையச் செய்யலாம். வெறிநோய்ச் சந்தேகம் உள்ள நாயைப் பிடித்துத் தனியே அடைத்துக் கண்காணிக்க வேண்டும். இந்த விதிகளில் எங்கும் காவலரின் துப்பாக்கிக்கு வேலை கிடையாது.

நீதிமன்றங்களிலும் இந்த வழக்கு நீண்டுகொண்டே வந்திருக்கிறது. தொல்லை தரும் நாய்களைக் கொல்லலாம் என்று 2008-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. 2009 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7-ஆம் தேதி, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்றும் ஆணை வந்தது. அகற்றச் சொன்ன நீதிமன்றம் சுட்டுத் தள்ளச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2022: பாலக்காடு கண்ட வேதனை

இனி நம் ஊருக்கு வருவோம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தெருநாய்கள் சுமார் 2.89 லட்சம். 2022-ஆம் ஆண்டு அந்த மாநிலத்தை உலுக்கிவிட்டது. நாய்க்கடி அதிகமாகப் பதிவான 170 இடங்களைக் கால்நடைப் பராமரிப்புத் துறை அந்த ஆண்டு செப்டம்பரில் பட்டியலிட்டது. அதில் பாலக்காடு மாவட்டத்தில் மட்டும் 26 இடங்கள். திருவனந்தபுரத்துக்கு அடுத்தபடி அதுவே அதிகம். இடுக்கியில் ஒன்றே ஒன்று. மலைப்பக்கம் போகிறவர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடையலாம், ஆனால் அசட்டையாக இருக்கக் கூடாது.

அந்த ஆண்டு மே 30-ஆம் தேதி பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவியை நாய் கடித்தது. ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்ட அந்தப் பெண் ஜூன் 30-ஆம் தேதி வெறிநோயால் இறந்துபோனார். கேட்டவர் நெஞ்சம் பதறியது. இந்தச் சம்பவத்தில் பலர் மறந்துபோகும் ஒரு செய்தி உண்டு: அவரைக் கடித்தது தெருநாய் அல்ல, பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய். தெருவிலுள்ள நாய்களையெல்லாம் சுட்டிருந்தாலும் அந்த உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது. செப்டம்பரில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி நாய்க்கடிக்குப் பின் வெறிநோயால் இறந்தபோது மக்களின் கோபம் கரை கடந்தது.

கோபம் வந்த இடத்தில் ஆயுதமும் வந்தது. கோட்டயம் மாவட்டம் மூலக்குளத்தில் நாய்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன, போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. காசர்கோடு மாவட்டம் பேக்கல் பகுதியில் ஒருவர் ஏர்கன் துப்பாக்கியைத் தோளில் தாங்கி, மதரசாவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முன்னால் காவலாக நடந்துபோனார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அவர்மீது போலீஸ் வழக்குப் போட்டது. ஒரு தகப்பனின் பயம் அது. அவரை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. ஆனால் நாளைக்கு ஒவ்வொரு தகப்பனும் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினால், குண்டு நாயின்மேல்தான் படும் என்பதற்கு யார் உத்தரவாதம் தருவது?

உயர்நீதிமன்றம் தலையிட்டது. மாநிலக் காவல்துறைத் தலைவர் அந்தச் செப்டம்பரிலேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நாய்களுக்கு விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் குற்றம், நிலைய அதிகாரிகள் குடியிருப்போர் சங்கங்கள் மூலம் இதை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. அதே மாதம் கேரள அரசு, மூர்க்கமான நாய்களைக் கொல்ல அனுமதி வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர் யார் தெரியுமா? நம் ஊர்ப் போலீஸ் நிலையத்துச் சாதாரணக் காவலர். காலையில் "நாயை ஏன் கொல்லவில்லை?" என்று ஒரு கூட்டம் கேட்கும். மாலையில் "நாயைக் கொன்றவனை ஏன் பிடிக்கவில்லை?" என்று இன்னொரு கூட்டம் கேட்கும். அவர் கையில் இருப்பதோ ஒரு லத்தி. நாய் பிடிக்கும் வலை இல்லை, கூண்டு வண்டி இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை.

காக்கியைக் கண்டால் கடிக்கும் நாய்கள்

துப்பாக்கி எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குக் கோட்டயத்தில் ஒரு நல்ல சோதனை நடந்தது. 2023 செப்டம்பரில், நாய் வளர்ப்பு நிலையம் என்ற பெயரில் கஞ்சா வியாபாரம் நடப்பதாகத் தகவல் கிடைத்துப் போலீஸார் ஓர் இரவு ஒரு வீட்டுக்குப் போனார்கள். அங்கே பதின்மூன்று நாய்கள். காக்கி உடுப்பைக் கண்டாலே பாய்ந்து கடிக்கும்படி அவை பழக்கப்பட்டிருந்தன என்று போலீஸ் அதிகாரிகளே பிறகு தெரிவித்தனர். பதின்மூன்று நாய் பாயும்போது ஒன்றிரண்டு குண்டு என்ன செய்யும்?

நாய்ப் படைப்பிரிவின் உதவியோடுதான் அந்த நாய்களைக் கட்டுப்படுத்த முடிந்தது. போலீஸாரில் யாருக்கும் காயமில்லை. பதினேழு கிலோவுக்கு மேல் கஞ்சாவும் பிடிபட்டது. இந்தக் களேபரத்தில் தப்பி ஓடிய ஆசாமி சில நாள் கழித்துத் தமிழ்நாட்டில் அகப்பட்டார். நாயின் குணம் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தால் பத்துத் துப்பாக்கிக்குச் சமம் என்பது அன்று தெரிந்தது.

பெட்டிமுடியின் குவி

இடுக்கியில் நடந்த இன்னொரு சம்பவம் நம் தமிழ் மக்களோடு நெருங்கிய தொடர்புள்ளது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். தேடும் பணியில் போலீஸ் மோப்ப நாய்கள் மண்ணுக்கடியில் இருந்த உடல்களைக் காட்டிக் கொடுத்தன.

அங்கே வீடிழந்து, எஜமானரை இழந்து சுற்றிக்கொண்டிருந்தது குவி என்ற நாட்டு நாய். எந்தப் பயிற்சியும் பெறாத அந்த நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் மரத்தடியில் சிக்கியிருந்த இடத்தில் நின்று குரல் கொடுத்து மீட்புப் பணியாளரை அழைத்தது. பிறகு சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் அப்போது அதுவும் கேட்பாரற்ற தெருநாய்தான். இடுக்கி மாவட்டப் போலீஸ் நாய்ப் படையில் பணியாற்றிய ஒரு காவலர், மேலதிகாரிகளின் அனுமதி பெற்று அதை எடுத்துப் போய்ப் பராமரித்தார். 2021-இல் அது அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருந்த பாட்டியிடமே திரும்பக் கொடுக்கப்பட்டது. காக்கிச் சட்டைக்காரர் கேட்பாரற்ற நாயை நடத்த வேண்டிய முறைக்கு வெளிநாட்டில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் மலையிலேயே இருக்கிறது.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது?

துப்பாக்கியைத் தாராளமாகப் பயன்படுத்தும் நாட்டின் அனுபவத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் போலீஸார் சோதனைக்குப் போகும் வீடுகளில் வளர்ப்பு நாய்களைச் சுட்டுக் கொல்வது நீண்ட காலப் புகார். அது பெருகியதால், 2011-இல் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமே போலீஸாருக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. நாயின் உடல்மொழியைப் படிப்பது எப்படி, துப்பாக்கியை எடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை யாவை என்று அதில் விளக்கம் இருக்கிறது. 2013-இல் கொலராடோ மாநிலம் இந்தப் பயிற்சியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. ஆனால் 2016-இல் அங்குள்ள ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மிச்சிகன் மாநிலத்தில் சோதனைக்குப் போன வீட்டில் இரண்டு நாய்களைச் சுட்ட போலீஸார் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சட்டம் தளர்வாக இருந்தால் பயிற்சி ஒன்றே நாயைக் காக்கும் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம். நம் நாட்டில் நிலைமை தலைகீழ். சட்டம் இறுக்கமாக இருக்கிறது, பயிற்சி இல்லை.

சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது?

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். வாளையார், கஞ்சிக்கோடு பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் கீமேன்கள் தினமும் விடியற்காலையில் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு தனியே நடந்து போவார்கள். வழியில் நாய்க் கூட்டம் குறுக்கிடாத நாள் குறைவு. பழைய கீமேன் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பார்: "ஓடாதே, கண்ணைப் பார்த்து முறைக்காதே, கல்லை எடுப்பதுபோல் குனி, பக்கவாட்டில் மெதுவாக விலகு." சுத்தியல் கையில் இருந்தும் அதை அவர்கள் ஓங்குவதில்லை. ஓங்கினால் ஒன்று ஐந்தாகும் என்பது அவர்கள் அனுபவம்.

ரயில்வேயில் விபத்து நடந்தால் விசாரணைக் குழு வண்டி ஓட்டியவரோடு நிற்காது. சிக்னல் எப்படி இருந்தது, பாயின்ட் எப்போது பரிசோதிக்கப்பட்டது, பராமரிப்புப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பின்னோக்கிப் போகும். நாய் விஷயத்திலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். காவலர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவர் தடியைத் தூக்கும் நிலைமை வந்துவிட்டது என்றால், முன்னால் நாலைந்து கண்ணிகள் அறுந்துவிட்டன என்று பொருள்.

கேரளத்தில் அறுந்த கண்ணி ஒன்றைச் சொல்கிறேன். 2017 முதல் பல மாவட்டங்களில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் நாய் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகும் வேலையைச் செய்துவந்தன. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. சட்டப்படி அது சரியே. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஏற்பாடு உரிய நேரத்தில் வரவில்லை. அடுத்த ஆண்டுதான் மேலே சொன்ன 2022. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி, போடிமெட்டு ஆகிய இடங்களில் மனிதனுக்குத்தான் சோதனைச் சாவடி. நாய்க்கு எல்லைக் கல் தெரியாது. ஒரு பக்கத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து மறுபக்கத்தில் செய்யாவிட்டால் பாதி ஓட்டையை மட்டும் அடைத்த பாத்திரம்தான் மிஞ்சும். வண்டிகள் வரிசையாக நிற்கும் சாவடியோரத்தில் சாப்பாட்டுக் கடைகளும், அவற்றின் எச்சிலும், அதைச் சுற்றி நாய்களும் சேருகின்றன. மலைத் தோட்டங்களிலோ லயத்து வாசலில் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றிக்கும் எச்சரிக்கை மணியாக இருப்பதே நாய்தான். அங்கே நாயை ஒழிக்கச் சொன்னால் தொழிலாளியே சம்மதிக்க மாட்டார்.

காட்டுப்பன்றியைச் சொன்னதும் சிலர் கேட்பார்கள்: "பயிரை அழிக்கும் பன்றியைச் சுட 2022 மே மாதத்தில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்களே, நாய்க்கு ஏன் கூடாது?" பன்றியைச் சுடுவது வயலில், தோட்டத்தில், அதற்கென்று அனுமதி பெற்ற துப்பாக்கிக்காரர் செய்யும் வேலை. நாய் இருப்பதோ பள்ளிக்கூட வாசலில், பேருந்து நிலையத்தில், வீட்டுத் திண்ணையில். சிமென்ட் தரையில் பட்டுத் தெறிக்கும் குண்டுக்கு நாய் எது, பிள்ளை எது என்று தெரியாது.

அப்படியானால் காவலர் என்ன செய்யலாம்?

கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சட்டம் சொல்லவில்லை. கண்ணெதிரே ஒரு நாய் குழந்தையைக் கடித்துக் குதறுகிறது, வேறு வழியே இல்லை என்றால், அந்த உயிரைக் காக்கக் காவலர் மட்டுமல்ல, யாரும் அந்த நாயை அடித்துக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. பெருந்தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த சிறுதீங்கு குற்றமில்லை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 81-ஆவது பிரிவு. ஆனால் ஆபத்து நீங்கிய பிறகு, ஓடிப்போய்ப் படுத்திருக்கும் நாயைத் தேடிப் பிடித்துக் கொல்வதற்கு இந்தப் பிரிவு துணை வராது. பிராணியைக் கொல்வதும் விஷமிடுவதும் 325-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஒரு குறிப்பிட்ட நாய் தொடர்ந்து ஆபத்தாக இருக்கிறது என்றால் அதற்கும் முறை உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின்கீழ், போலீஸ் அறிக்கை அனுப்பலாம். ஆபத்தான பிராணியை அடைக்கவோ அப்புறப்படுத்தவோ அழிக்கவோ அதன் சொந்தக்காரருக்கு நிர்வாக மாஜிஸ்திரேட் ஆணையிடலாம், சொந்தக்காரரும் தன் பதிலைச் சொல்லலாம். வளர்ப்பு நாயைக் கட்டுப்பாடின்றி விட்டு ஆபத்து விளைவிப்பவர்மீது 291-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலக்காட்டு மாணவியின் கதையை நினைத்தால், துப்பாக்கியைவிட இந்தப் பிரிவுதான் அதிகம் பயன்பட வேண்டியது என்று தோன்றுகிறது.

நிலையத்துக்கு ஒரு பிடிவலை, நீண்ட கழியில் கட்டிய சுருக்கு, தோல் கையுறை, அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. திருச்சூர் போலீஸ் அகாடமியில் நாய்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்குள்ள பயிற்சியாளர்களைக் கொண்டு சாதாரணக் காவலர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினாலே போதும். கோவாவில் நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு, 2021-இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்பாட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு

கடைசியாக நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நாய் துரத்தினால் ஓடக் கூடாது; நின்று, பார்வையைத் தாழ்த்தி, மெல்ல விலக வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு, கைகளால் கழுத்தையும் முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால், பிராண்டல் என்றாலும் சரி, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவியதும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் தேவை, கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் போய்விட்டது. இப்போது கையில் போடும் நாலைந்து தவணைதான். ஆனால் நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு மருந்து கிடையாது. எனவே "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். மும்பைக்குத் திரும்பும் தேதி நடுவில் வந்தால், மீதித் தவணையை இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம். சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடித்த நாயைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்திலும் போலீஸ் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். அது உயிரோடு கண்காணிப்பில் இருந்தால்தான் அதற்கு வெறிநோய் இருக்கிறதா என்று மருத்துவருக்குத் தெரியவரும். ஊரில் உங்கள் வீட்டில் நாய் வளர்த்தால், உரிமமும் ஆண்டுத் தடுப்பூசியும் இருக்கின்றனவா என்று இந்த முறை போனதும் விசாரியுங்கள்.

தெருவை நாய்க்கு விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பயமின்றிப் பள்ளிக்குப் போவது முதல் உரிமை. அந்த உரிமையைக் காப்பது குப்பையை அள்ளும் பஞ்சாயத்துத் தொழிலாளியும், தடுப்பூசி போடும் கால்நடை மருத்துவரும், தன் நாயைக் கட்டிவைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து செய்யும் வேலை. இவர்கள் தம் வேலையைச் செய்தால் காவலரின் துப்பாக்கி உறையிலேயே இருக்கும். அது அங்கே இருக்கிற வரைக்கும் நமக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.